இன்னொரு பூனைக்கு இடம் உண்டா?

ஏற்கெனவே பூனை வளரும் வீட்டுக்கு இன்னொரு பூனையைக் கொண்டுவரலாமா, கொண்டுவந்தால் எப்படிப் பழக்குவது? பூனை வளர்ப்போர் வெகுகாலமாகக் கேட்டுவரும் இந்தக் கேள்விக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போகாத விடைகளே கிடைத்துவந்திருக்கின்றன. கூடையைத் திறந்து விட்டுவிட்டால் இரண்டு நாள் சீறிவிட்டுத் தானாக அடங்கிவிடும் என்பார் சிலர். தனி அறையில் வைத்து வாரக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும் என்பார் வேறு சிலர். பூனைக்குத் துணை தேடுவது மனிதரின் ஆசை, பூனை அதைக் கேட்பதே இல்லை என்பார் இன்னும் சிலர்.

ஒவ்வொரு விடைக்கும் அடியில், பூனை எப்படிப்பட்ட விலங்கு என்பது பற்றிய ஒரு முடிவு இருக்கிறது. அந்த முடிவு மாறும்போது அறிவுரையும் மாறியிருக்கிறது. எனவே இக்கட்டுரை முதலில் அந்த அடிப்படைக் கருத்துகளையும், பிறகு வீடுகளில் செய்யப்பட்ட ஆய்வுகளையும், கடைசியாக இன்று பரிந்துரைக்கப்படும் முறைகளையும் எடுத்துக்கொண்டு, எது எவ்வளவு தாங்கும் என்று பார்க்கிறது.

தனித்து வேட்டையாடும் விலங்கு என்ற பார்வை

வீட்டுப்பூனையின் மூதாதை ஃபெலிஸ் லிபிகா எனப்படும் காட்டுப்பூனை. கார்லோஸ் டிரிஸ்கோலும் உடன் ஆய்வாளர்களும் ஏறத்தாழ ஆயிரம் பூனைகளின் மரபணுவை ஒப்பிட்டு 2007இல் வெளியிட்ட ஆய்வு, உலகின் வீட்டுப்பூனைகள் அனைத்தும் அண்மைக் கிழக்கில் வாழ்ந்த இந்தக் காட்டுப்பூனையின் வழிவந்தவை என்று காட்டியது. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதரோடு புதைக்கப்பட்ட பூனையின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. உறவு அவ்வளவு பழையது. ஆனால் அந்த மூதாதை எலியையும் பறவையையும் தனியாகப் பிடித்துத் தனியாகத் தின்றது. ஓர் எலி ஒரு வயிற்றுக்குத்தான் போதும். நாயின் மூதாதையான ஓநாயைப்போலக் கூட்டமாக வேட்டையாடிப் பங்கிட்டுக்கொள்ளும் தேவை அதற்கு இருக்கவில்லை. ஆகவே சண்டைக்குப் பின் சமாதானம் செய்துகொள்ளும் சைகைகளும் பூனையிடம் பெரிதாக வளரவில்லை என்பது இத்தரப்பின் வாதம்.

இந்தப் பார்வைக்கு நுட்பம் சேர்த்தவர் ஜெர்மானிய விலங்கு நடத்தையியலாளர் பவுல் லேஹவுசன். தனித்து வாழும் பாலூட்டிகளிடையேயும் ஒரு சமூக ஒழுங்கு உண்டு என்று 1965இல் வெளியான கட்டுரையில் அவர் எழுதினார். அக்கம்பக்கத்துப் பூனைகள் ஒரே பாதையை வெவ்வேறு நேரத்தில் பயன்படுத்துகின்றன. பாதைகள் கூடும் இடத்தில் ஒன்று உட்கார்ந்து காத்திருக்க, மற்றது கடந்து போகிறது. யார் பெரியவர் என்பது இடத்தையும் நேரத்தையும் பொறுத்து மாறுகிறது. நிலையான தலைவன், நிலையான அடிமை என்ற ஏணி அங்கே இல்லை.

இடத்தைப் பிரிக்காமல் நேரத்தைப் பிரித்துக்கொள்ளும் இந்த வழக்கம் வீட்டுக்கும் பொருந்தும் என்பதால் லேஹவுசனின் கவனிப்பு இன்றும் பயன்படுகிறது. ஆனால் பூனை தனிமை விரும்பி என்ற பொதுமுடிவுக்குள் அடங்காத பூனைகள் பல இருக்கின்றன. இரண்டு பூனைகள் ஒன்றையொன்று நக்கிக்கொடுத்து, ஒரே மெத்தையில் சுருண்டு தூங்குவது கற்பனைக் காட்சி இல்லை. அதற்கும் விளக்கம் வேண்டும்.

பண்ணையிலும் தீவிலும் கண்ட கூட்டங்கள்

அந்த விளக்கம் 1970களின் பிற்பகுதியிலிருந்து வரத் தொடங்கியது. இங்கிலாந்தில் டேவிட் மெக்டொனால்டும் பீட்டர் ஆப்ஸும் பண்ணைப் பூனைகளைப் பின்தொடர்ந்தார்கள். அங்கே தாய், மகள், சகோதரி என்று பெண்வழி உறவுள்ள பெட்டைகள் சேர்ந்து வாழ்ந்தன; ஒன்றின் குட்டிகளுக்கு மற்றது பாலூட்டியது. அதே கூட்டம் வெளியிலிருந்து வரும் பூனையை எளிதில் உள்ளே விடவில்லை. ஜப்பானில் ஃபுகுவோகா அருகேயுள்ள ஐனோஷிமா தீவில், மீன் கழிவு கொட்டும் இடங்களை ஒட்டிப் பூனைகள் நெருக்கமாக வாழ்வதை ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். உலகெங்கிலும் எடுத்த கணக்குகளை ஓலோஃப் லீபெர்கும் மைக்கேல் சாண்டெலும் 1988இல் தொகுத்தபோது, சதுர கிலோமீட்டருக்கு ஒன்றுக்கும் குறைவான பூனைகள் முதல் 2,000க்கும் மேற்பட்டவை வரை அடர்த்தி வேறுபட்டது. இந்த வேறுபாட்டைப் பெரிதும் தீர்மானித்தது உணவு எவ்வளவு, எங்கே குவிந்து கிடைக்கிறது என்பதுதான்.

இவற்றையெல்லாம் இணைத்து, ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஷாரன் குரோவல்-டேவிஸ் குழு 2004இல் பூனையைச் சமூக விலங்காகவே பார்க்க வேண்டும் என்று வாதிட்டது. வாலை நிமிர்த்திக்கொண்டு அணுகுவது, மூக்கோடு மூக்கு தொடுவது, உடலை உரசுவது எல்லாம் கூட்டத்துக்குள் உறவை உறுதிசெய்யும் செயல்கள். அதே நேரத்தில், அந்நியப் பூனையை ஏற்பது மெல்ல மெல்லத்தான் நடக்கும் என்பதையும் அவர்கள் வலியுறுத்தினார்கள். படிப்படியாக அறிமுகம் செய்யும் இன்றைய முறைக்கு இந்த ஆய்வுகள் முக்கியமான ஒரு வேர்.

இந்தத் தரப்புக்கும் ஒரு பலவீனம் உண்டு. பண்ணைக் கூட்டத்தின் அடித்தளம் இரத்த உறவு. நம் வீட்டுக்கு வரும் புதிய பூனையோ உறவில்லாதது. பண்ணைப் பூனைக்குப் பிடிக்காவிட்டால் விலகிப்போக வயல் இருக்கிறது. அடுக்ககத்துப் பூனைக்கு அது இல்லை. மேலும், சேர்ந்திருப்பது நெருக்கத்தின் அடையாளமா என்பதே உறுதியில்லை. ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோயாசு உள்ளிட்டோர், ஐந்தைந்தாக மூன்று குழுக்களில் வாழ்ந்த 15 பூனைகளை ஆராய்ந்து 2022இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பல விலங்குகளில் பிணைப்போடு தொடர்புடையதாகக் கருதப்படும் ஆக்சிடோசின் ஹார்மோன் அதிகமாக இருந்த பூனைகள் மற்றவற்றோடு கூடுதலாக நெருங்கிப் பழகவில்லை. கார்டிசாலும் டெஸ்டோஸ்டிரோனும் குறைவாக இருந்தவையே மற்றவற்றோடு அதிகம் பழகின. ஒரே கூரையின் கீழ் வாழும் பூனைகளைச் சேர்த்துவைப்பது அன்பைவிடச் சகிப்பாக இருக்கலாம் என்று இது எண்ண வைக்கிறது. பதினைந்து பூனைகளை வைத்து அதற்குமேல் சொல்வது பொருந்தாது.

நான்கு சுவர்களுக்குள் நடந்த ஆய்வுகள்

பண்ணையிலிருந்து வீட்டுக்கு வந்தால் சான்றுகள் சிதறிக் கிடக்கின்றன. பென்னி பெர்ன்ஸ்டீனும் மிக்கி ஸ்ட்ராக்கும் 1996இல் ஒரே வீட்டில் வாழ்ந்த 14 பூனைகளின் நடமாட்டத்தை வெளியிட்டார்கள். ஒவ்வொரு பூனைக்கும் பிடித்த அறைகளும் பிடித்த மூலைகளும் இருந்தன. ஒரே நாற்காலியைக் காலையில் ஒன்றும் மாலையில் மற்றொன்றும் எடுத்துக்கொள்வதுபோல, சில இடங்களை அவை நேரம் பிரித்துப் பயன்படுத்தின. லேஹவுசன் வெளியில் பார்த்த ஒழுங்கு கூரைக்குள்ளும் தொடர்ந்தது.

கிம்பர்லி பேரியும் குரோவல்-டேவிஸும் கருத்தடை செய்யப்பட்டு வீட்டுக்குள்ளேயே வளரும் 60 பூனை இணைகளைக் கவனித்து 1999இல் எழுதினார்கள். இரண்டு கடுவன்கள், இரண்டு பெட்டைகள், கடுவனும் பெட்டையும் என்ற மூவகை இணைகளுக்கிடையே முரட்டுத்தனத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. சேர்ந்து வாழ்ந்த காலம் கூடக்கூடச் சண்டை குறைந்தது. காலம் ஆற்றும் என்று சொல்வோருக்கு இது ஆதரவாகத் தோன்றும். ஆனால் பொருந்தாத பூனையை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டவர்கள் இத்தகைய கணக்கில் வருவதில்லை. பல ஆண்டுகள் சேர்ந்திருக்கும் இணைகள், ஒத்துப்போனதால்தான் அத்தனை ஆண்டுகள் சேர்ந்திருக்கின்றன. காலம் ஆற்றியதா, ஆறாதவை விலகிவிட்டனவா என்று பிரித்துப் பார்க்க இவ்வகை ஆய்வால் முடியாது.

நம் கேள்விக்கு மிக நெருக்கமானது, எமிலி லெவின் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வு. காப்பகத்திலிருந்து பூனையைத் தத்தெடுத்து ஏற்கெனவே பூனை இருந்த வீட்டுக்குக் கொண்டுபோனவர்களிடம் அவர்கள் கேட்டறிந்தார்கள். ஏறத்தாழ பாதிப்பேர் தொடக்கத்தில் பிறாண்டலும் கடியும் நடந்ததாகச் சொன்னார்கள். முதல் சந்திப்பு மோசமாக அமைந்த வீடுகளில் பின்னாளிலும் சண்டை நீடிக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. 2020இல் வெளியான எல்சர்மன் குழுவின் ஆய்வு ஏறத்தாழ 2,500 வீடுகளைக் கேட்டது. பூசலின் அறிகுறிகள் முதல் நாளிலிருந்தே இருந்தன என்று நால்வரில் மூவர் அளவுக்குச் சொன்னார்கள். அதே வீடுகளில் நட்பின் அறிகுறிகள் பூசலைவிட அடிக்கடி காணப்பட்டன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த இரண்டும் உரிமையாளர்களின் நினைவையும் பார்வையையும் நம்பியவை. முதல் சந்திப்பு கெட்டதால் உறவு கெட்டதா, இயல்பிலேயே ஒத்துப்போகாத இணைகளுக்கு முதல் சந்திப்பும் கெட்டதா? இரண்டுக்கும் இடமிருக்கிறது. ஆயினும் முதல் சந்திப்பைக் கெடவிடாமல் பார்த்துக்கொள்வதால் இழப்பு எதுவும் இல்லை. இன்றைய அறிவுரையின் மையம் இதுதான்.

கதவு, துணி, உணவுத் தட்டு

அந்த அறிவுரை ஏறக்குறைய எங்கும் ஒரே வடிவில் சொல்லப்படுகிறது. புதிய பூனை தனி அறையில் தன் மணல்தட்டு, தண்ணீர், ஒளிந்துகொள்ளும் பெட்டியோடு தங்கும். ஒரு மெல்லிய துணியால் அதன் கன்னத்தையும் தாடையையும் தடவி, அந்தத் துணியைப் பழைய பூனை நடமாடும் இடத்தில் போடுவார்கள். பழைய பூனை முதலில் எட்ட நின்று கழுத்தை நீட்டி முகரும். வாயை லேசாகத் திறந்து அந்த வாசனையை உள்வாங்கும். சில நேரம் ஒரு சீறல் சீறிவிட்டுத் திரும்பிப் போகும். அந்தத் துணியின் மீதே அது படுக்கத் தொடங்கினால் அடுத்த படி: மூடிய கதவின் இரு பக்கமும் உணவு. பிறகு வலைக்கதவு வழியாகப் பார்வை. அதன்பின் கண்காணிப்போடு சில நிமிடச் சந்திப்பு. எங்கே சீறல் கூடுகிறதோ அங்கிருந்து ஒரு படி பின்வாங்க வேண்டும்.

தனி அறைக்கு இரண்டு காரணங்கள் உண்டு; அவற்றில் உறுதியானது நோய் பற்றியது. பூனை லுகேமியா வைரஸை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரட் 1964இல் கண்டறிந்தார். அது எச்சில் வழியாக, நக்கிக்கொடுப்பதிலும் பகிர்ந்துண்ணும் தட்டிலும் பரவக்கூடியது. பூனை எதிர்ப்பாற்றல் குறைவு வைரஸை 1986இல் கலிபோர்னியாவில் நீல்ஸ் பெடர்சன் குழு கண்டறிந்தது. அது பெரும்பாலும் ஆழக் கடிபடும்போது பரவுகிறது. பான்லுகோபீனியா எனும் கொடிய குடல்நோய், சளிநோய்கள், படர்தாமரை ஆகியவையும் புதிய பூனையோடு வரலாம். லுகேமியாவின் தொடக்க நாட்களில் பரிசோதனை அதைத் தவறவிடக்கூடும் என்பதால் ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனை செய்யச் சொல்வது வழக்கம். நடத்தை பற்றிய கருத்துகள் எப்படி மாறினாலும், முதல் இரண்டு வாரமாவது பிரித்துவைக்க இது ஒன்றே போதும்.

இரண்டாவது காரணம் உளவியலிலிருந்து வந்தது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனின் பயத்தைப் போக்கினார். அவன் விரும்பிய தின்பண்டத்தைத் தின்னும்போது முயலைத் தொலைவில் வைத்து, நாளுக்கு நாள் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார். கதவுக்கு இருபுறமும் வைக்கும் உணவுத் தட்டு இந்தச் சோதனையின் பேரப்பிள்ளை. அஞ்சிய பொருளும் இன்பமும் சேர்ந்தே வர, அச்சம் தணியும் என்பது கொள்கை.

கொள்கை வலுவானது, பூனைக்கு அதைப் பொருத்தும் விதத்தில் ஓர் உரசல் இருக்கிறது. பூனை தனித்து உண்ணும் விலங்கு. அமெரிக்க, பன்னாட்டுப் பூனை மருத்துவ அமைப்புகள் 2013இல் வெளியிட்ட சுற்றுச்சூழல் தேவை வழிகாட்டி, உணவு, தண்ணீர், மணல்தட்டு, ஓய்விடம் ஆகியவை பலவாகவும் ஒன்றுக்கொன்று விலகியும் இருக்க வேண்டும் என்கிறது. அப்படியானால் அந்நியப் பூனையின் வாசனைக்கு அருகே உண்ணச் சொல்வது இன்பத்தைச் சேர்க்கிறதா, உண்ணும் நேரத்துக்குள் பதற்றத்தைப் புகுத்துகிறதா? பூனை அவசர அவசரமாக விழுங்கினால், அல்லது கதவை நோக்கியே காதைத் திருப்பி வைத்திருந்தால், அது உண்கிறது என்பதை மட்டும் வைத்து வெற்றி என்று எண்ணிவிடக்கூடாது. தட்டைக் கதவிலிருந்து பல அடி தள்ளித் தொடங்குவதும், பழகிய பிறகு அன்றாட உணவிடங்களை மீண்டும் பிரித்துவிடுவதும் இரு கருத்துகளையும் சமன்செய்யும் வழிகள்.

பெரிய குறை வேறொன்று. வாசனைத் துணி, கதவருகு உணவு, வலைக்கதவு என்ற படிகளில் எது எவ்வளவு உதவுகிறது, எந்த வரிசை சிறந்தது, எத்தனை நாள் தேவை என்பவை பெரும்பாலும் மருத்துவர்களின் அனுபவத்தின் மீது நிற்கின்றன. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு மணல்தட்டு கூடுதலாக வை என்ற புகழ்பெற்ற விதியும் அப்படித்தான். ஐந்து தட்டுகளை ஒரே மூலையில் அடுக்கினால் பூனையின் கண்ணுக்கு அது ஒரே இடம். எண்ணிக்கையைவிட விலகலே முக்கியம் என்பது அந்த விதியைவிட நியாயமாகத் தோன்றுகிறது.

புட்டியில் அடைத்த அமைதி

பூனை கன்னத்தை உரசும்போது விட்டுச்செல்லும், பெரோமோன் எனப்படும் வேதிப்பொருள்களைப் பிரான்சின் பாட்ரிக் பாஜா 1990களில் ஆராய்ந்தார். அவற்றின் செயற்கை வடிவங்கள் சுவரில் செருகும் கருவிகளாக விற்பனைக்கு வந்தன. பூசலுள்ள 45 வீடுகளில் செய்த ஒரு சோதனை 2019இல் வெளியானது. பெரோமோன் தந்த வீடுகளிலும் வெறும் கருவி தந்த வீடுகளிலும் சண்டை குறைந்தது. பெரோமோன் வீடுகளில் சற்றுக் கூடுதலாகக் குறைந்தது. இரு தரப்பினருக்கும் பூனை நடத்தை பற்றிப் பாடமும் நடத்தப்பட்டிருந்தது. உரிமையாளரின் புரிதலே பெரும்பங்கு வேலையைச் செய்திருக்கலாம். 2010இல் வந்த ஒரு முறைசார் மீளாய்வும், இவ்வகைப் பொருள்களில் பெரும்பாலானவற்றுக்குப் போதிய சான்று இல்லை என்றே முடித்தது. தீங்கில்லாத துணைக்கருவியாக இதைக் கொள்ளலாம். இதை நம்பி மற்றவற்றைக் கைவிடுவது சரியாகாது.

யாரோடு யார்?

எந்தப் பூனைக்கு எந்தப் பூனை பொருந்தும் என்பதிலும் மரபான விடைகள் பல. உடன்பிறந்த இரண்டு குட்டிகளைச் சேர்த்தே எடுப்பது நல்லது என்பதற்கு ஓரளவு நல்ல ஆதாரம் உண்டு. ஜான் பிராட்ஷாவும் சாரா ஹாலும் 1999இல், உடன்பிறந்த இணைகள் உறவில்லாத இணைகளைவிட அதிகம் ஒட்டிப் படுப்பதையும் நக்கிக்கொடுப்பதையும் பதிவுசெய்தார்கள். அதற்குக் காரணம் இரத்தமா, குட்டிப்பருவத்திலிருந்து சேர்ந்து வளர்ந்ததா என்பது பிரித்தறியக் கடினம். பூனைக்குட்டி பிற உயிர்களைத் தனக்குரியவர்களாக ஏற்கப் பழகும் பருவம் ஏறத்தாழ இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை என்று கருதப்படுகிறது. அந்த வாரங்களில் பிற பூனைகளோடு வாழ்ந்ததா என்பது ஆணா பெண்ணா என்பதைவிடப் பெரிய கேள்வியாக இருக்கலாம். கடுவன்களுக்குக் கருத்தடை செய்தால் சண்டையும் மூத்திரம் பீய்ச்சுவதும் பெரும்பாலானவற்றில் குறைகின்றன என்பது 1970களிலிருந்தே தெரிந்தது.

முதிய பூனைக்கு உற்சாகம் தரக் குட்டி ஒன்றை வாங்குவது என்ற பழக்கம் கூடுதல் எச்சரிக்கை கேட்கிறது. மூட்டுவலியுள்ள பன்னிரண்டு வயதுப் பூனையின் வால்மீது நாள் முழுவதும் பாயும் குட்டி, அதற்குத் துணையாகாமல் தொல்லையாகவே முடியலாம்.

சண்டை இல்லை என்றால் அமைதியா?

இக்கேள்வியின் வரலாற்றில் அண்மைக்கால ஆய்வுகள் சேர்த்த முக்கியமான பங்கு, வெற்றி என்பதன் பொருளை மாற்றியது. முன்பு கடியும் இரத்தமும் இல்லையென்றால் பழகிவிட்டன என்றார்கள். இப்போது கவனம் சத்தமில்லாத பூசலுக்குத் திரும்பியிருக்கிறது. ஒரு பூனை கூடத்துக்கும் குளியலறைக்கும் நடுவே படுத்திருக்கிறது. பார்ப்பவர்களுக்கு அது ஓய்வெடுப்பதாகத்தான் தெரியும். ஆனால் மணல்தட்டுக்குப் போக வந்த மற்றது வாசலில் நின்று, அந்தக் கண்களைப் பார்த்து, வந்த வழியே திரும்புகிறது. உறுமலும் இல்லை, சீறலும் இல்லை. இரண்டு நாள் கழித்துப் படுக்கையில் மூத்திரம் இருக்கிறது. திட்டு வாங்குவதோ திரும்பிப்போன பூனை.

இந்த இறுக்கம் உடலையும் தொடக்கூடும். 2004இல் எடின்பரோவிலிருந்து வந்த ஓர் ஆய்வு, காரணம் தெரியாத சிறுநீர்ப்பை அழற்சி கொண்ட பூனைகள் வீட்டிலுள்ள மற்றொரு பூனையோடு பூசலில் இருப்பது கூடுதல் என்று கண்டது. மறுபக்கம், பிரேசிலில் டேனியெலா ராமோஸ் குழு 2013இல் 120 பூனைகளின் மலத்தில் அழுத்த ஹார்மோனின் தடயங்களை அளந்தபோது, தனியாக வாழ்பவற்றைவிடப் பல பூனைகளோடு வாழ்பவை அதிக அழுத்தத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. பூனைகளின் எண்ணிக்கை தானாகக் கேடு செய்வதில்லை. அவற்றுக்கிடையேயான உறவு செய்யக்கூடும்.

விளையாட்டையும் சண்டையையும் பிரிப்பதுகூட எளிதன்று. ஸ்லோவாக்கியாவின் நோயமா கைடோஷ்-க்மெட்சோவா உள்ளிட்டோர் பூனைகள் ஒன்றோடொன்று பழகும் 105 காணொளிகளைப் பகுத்து 2023இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று வகைகள் தெரிந்தன. சத்தமின்றிக் கட்டிப்புரள்வது பெரும்பாலும் விளையாட்டு. உறுமலும் துரத்தலும் பூசல். இரண்டுக்கும் இடைப்பட்டது மூன்றாம் வகை; அது எந்தப் பக்கமும் சாயலாம். அமெரிக்கப் பூனை மருத்துவர் சங்கம் 2024இல் பூனைகளிடையேயான இறுக்கம் பற்றித் தனி வழிகாட்டியே வெளியிட்டது. சண்டை என்று சொல்லாமல் இறுக்கம் என்ற சொல்லைத் தேர்ந்ததிலேயே மாற்றம் தெரிகிறது.

திறந்த கதவுள்ள வீடுகள்

இங்கே எடுத்துக்கொண்ட வீட்டு ஆய்வுகள் மேற்கு நாடுகளையும் பிரேசிலையும் சேர்ந்தவை. நம் ஊரில் பல பூனைகள் பாதி வீட்டிலும் பாதி தெருவிலும் வாழ்கின்றன. சன்னல் வழியாக வந்துபோகும் தெருப்பூனை ஒருநாள் சமையலறையிலேயே தங்கிவிடுகிறது. அதற்குத் தனி அறை, வலைக்கதவு என்ற படிகள் அப்படியே பொருந்தா. ஒற்றை அறை வீட்டில் தனி அறை என்பதே கேள்வி. ஆயினும் கொள்கைகள் பொருந்தும். தடுப்பூசியும் கருத்தடையும் முதலில். உணவு இரண்டு இடத்தில், ஒன்றையொன்று பார்க்காதபடி. பரண்மீதோ அலமாரி மேலோ பழைய பூனைக்கென்று யாரும் தொடாத ஓர் உயரம். மொட்டைமாடிக்கும் வாசலுக்கும் இரண்டு வழி. வெளியே போக வழியுள்ள வீடு இறுக்கத்தைத் தணிக்கலாம். தெருச்சண்டையையும் நோயையும் உள்ளே கொண்டுவரவும் செய்யலாம்.

எஞ்சி நிற்பவை

தொகுத்துப் பார்த்தால், பூனை தனிமை விலங்கா சமூக விலங்கா என்ற பழைய வழக்கில் இரு தரப்பும் பாதி வென்றிருக்கின்றன. உணவு குவிந்து, உறவும் குட்டிப்பருவப் பழக்கமும் அமைந்தால் பூனை கூடி வாழும். அவை இல்லாதபோது விலகி வாழ முனையும். நோய்க்காகப் பிரித்துவைப்பது, முதல் சந்திப்பைக் கெடவிடாமல் காப்பது, வளங்களைப் பிரித்துப் பரப்புவது ஆகிய மூன்றையும் ஓரளவு உறுதியோடு பரிந்துரைக்கலாம். எத்தனை நாள், எந்த வரிசை, எந்த இணை பொருந்தும் என்பவை இன்னும் திறந்தே இருக்கின்றன. ஒரு பூனையை வேறு வீட்டுக்கு அனுப்புவதே இரண்டுக்கும் நல்லது என்று எப்போது முடிவுசெய்வது என்பதற்கும் தெளிவான அளவுகோல் கிடையாது. புதிய பூனைகளைத் தொடக்க நாள் முதல் பின்தொடர்ந்து, தோற்ற இணைகளையும் கணக்கில் கொள்ளும் நீண்டகால ஆய்வுகள் வந்தால்தான் இவற்றில் தெளிவு பிறக்கும்.

அதுவரை ஒன்று செய்யலாம். இவை நண்பர்களாகிவிட்டனவா என்று கேட்பதை விட்டு, பழைய பூனை பயமின்றி உண்ணுகிறதா, பயமின்றி மணல்தட்டுக்குப் போகிறதா, பயமின்றித் தூங்குகிறதா என்று கேட்கலாம். புதியதைப் பற்றியும் அதே மூன்று கேள்விகள். ஆறுக்கும் ஆம் என்றால், அந்த வீட்டில் இன்னொரு பூனைக்கு இடம் இருந்தது என்று சொல்லலாம். ஒன்றையொன்று நக்கிக்கொடுப்பது அதன்மேல் கிடைக்கும் வரம்.